தனி விட்டதும் எழுந்து போனோம்

பிரதான உருப்படி முடியப்போகிறது. பாடகர் கடைசிக் கோர்வையை வைத்து, எடுப்பில் வந்து விழுந்து, தலையை லேசாகத் திருப்பி மிருதங்கக்காரரைப் பார்க்கிறார். தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கச் சொல்லும் அந்தப் பார்வை அவருக்குப் போய்ச் சேருகிறதோ இல்லையோ, எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். வேட்டியை உதறிக்கொண்டு பாதி சபை எழுந்து நிற்கும். “தனி விட்டாச்சு. வாங்கோ, ஒரு வாய் காபி சாப்ட்டுட்டு வந்துடலாம்” என்பார் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர். “அண்ணே, அந்தத் துண்டைப் போட்டு எடத்தப் புடிச்சு வைங்க” என்பார் புத்தூர்க்காரர். கேன்டீனில் போண்டா ஆறியிருந்தால் மனம் நோகும். உள்ளே ஒரு மனிதர் தன் ஆயுள் வித்தையைக் கொட்டிக்கொண்டிருக்கிறாரே என்று யாருக்கும் நோகாது. மோரா காதில் விழுந்ததும் ஓடிவந்து உட்கார்ந்து, கைதட்டலில் மட்டும் தவறாமல் கலந்துகொள்வோம்.

திருச்சி லயம் தெரிந்த ஊர் என்று வெளியூரில் மார்தட்டிக்கொள்கிறவர்களும் நாங்களேதான். ஆலத்தூர் சகோதரர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள். பாட்டிலேயே கணக்கை ஊற்றி வைத்தவர்கள். அவர்கள் பல்லவியைப் பற்றி இன்றைக்கும் மணிக்கணக்காகப் பேசுவோம். அந்தப் பல்லவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் அவர்கள் போடும்போதே அவிழ்த்துக் காட்டியவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவரைப் பற்றிப் பேசச் சொன்னால், “அடடா, பிள்ளைவாளா! பெரிய வித்வான்” என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

அவர் 1908இல் பிறந்து 1962இல் காலமானார். தந்தை முத்தையா பிள்ளை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்தவர். பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி, பழனி என்று மூன்று பெயர்களைச் சேர்த்துச் சொல்வது மிருதங்க உலகின் வழக்கம். இத்தனை பரம்பரையும் இருந்தும், மேடையேற வந்த இளைஞனிடம் நாங்கள் முதலில் பார்த்தது அவருடைய கையை. இடதுகைக்காரர்.

கச்சேரி மேடையின் உட்காரும் முறை எல்லாருக்கும் தெரியும். பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், வலந்தலை சபையைப் பார்த்தபடி, இடப்பக்கம் வயலின். இடதுகைக்காரர் வாசித்தால் வலந்தலை திரும்பிப்போகும். அது சபையைப் பார்க்க வேண்டுமென்றால் அவரும் வயலின்காரரும் இடம் மாற்றி உட்கார வேண்டும். நான்கடி தூரம் நகர்கிற விஷயம்தான். அதற்கு வயலின் வித்வான்கள் முகம் சுளித்தார்கள். வாய்ப்புகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர் என்ற ஒரு மனிதர் பிடிவாதமாக அவரைத் தன் பக்கத்தில் உட்கார்த்தி, மற்றவர்களை நகர்ந்துகொள்ளச் செய்தார். செம்பையின் பெருந்தன்மைக்கு உதாரணமாக இந்தக் கதையை நாங்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் அந்த நாளில் சபையில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட “கொஞ்சம் நகர்ந்து உட்காருங்களேன்” என்று குரல் கொடுத்ததாகக் கதையில் வருவதில்லை. டிக்கெட் வாங்கியவர்களுக்கும் வாய் இருந்தது. இடதுகை ஒன்றுதான் காரணமா, சாதியும் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததா என்று கேட்கவும் எங்களுக்கு நா எழவில்லை; இன்றைக்கும் அந்தக் கேள்வி வந்தால் சபா வராந்தாவில் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

பிள்ளைவாள் வாசிப்பில் ஆர்ப்பாட்டம் குறைவு. பாட்டுக்கு வாசிக்கும்போது சங்கதியின் நெளிவைத் தொப்பியில் பிடிப்பார். கும்கி பேசுகிற மாதிரி எழும். தனியில் ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்ததை உடனே எடுக்கமாட்டார். ஒரு கார்வை. அந்த இடைவெளிக்குள் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், கேட்கிறவன் தொடையில் விரல் எண்ணிக்கொண்டே இருப்பான், எதிர்பாராத இடத்தில் அடுத்த சொல் வந்து உட்காரும். சர்வலகுவில் சும்மா நடந்துபோகிறவர் போலிருந்து, முடிக்கிறபோது அத்தனையும் கணக்கு என்று தெரியவரும். மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கும் மேடையில், தானே பெரிய மிருதங்க வித்வானாக இருந்தும், கஞ்சிராவைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடும்புத்தோல் கட்டிய அந்தச் சின்ன வளையத்துக்குள்ளும் அதே நிதானம்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? மிஞ்சிய ஒலிப்பதிவுகளிலிருந்து. மிஞ்சிய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பூல் டேப் விலை அதிகமாக இருந்த காலம். ரேடியோ முன்னாலோ சபா மைக்கின் அடியிலோ பெட்டியை வைத்துப் பதிந்த எங்கள் பெரியவர்கள், தனி ஆரம்பித்ததும் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவார்கள். அடுத்து ஒரு ராகமாலிகையோ விருத்தமோ வரும். அதற்கு டேப் வேண்டும். எத்தனையோ பழைய பதிவுகளில் ஸ்வரம் முடிந்த மறு நொடி மங்களத்துக்கு முந்தைய துக்கடா கேட்கிறதே, நடுவில் இருந்த அரைமணி நேரம் எங்கே போனது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். கேன்டீனுக்குப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். பதிந்த டேப்பின் அட்டையிலும் பாடகர் பெயர், ராகம், வருஷம். மிருதங்கம் யார் என்று எழுத இடம் இருந்தது, எழுதவில்லை.

ஜாஸ் உலகத்தை இங்கே ஒப்பிட்டால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனாலும் சொல்கிறேன். அங்கே ஒரு இசைத்தட்டின் உறையைத் திருப்பினால் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் இருக்கும். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து ஆர்னெட் கோல்மனோடு வாசித்த எட் பிளாக்வெல் 1992இல் இறந்தபோது, எந்தத் தட்டில் எந்தப் பாட்டுக்கு அவர் கை பட்டது என்று ரசிகர்களால் தேதிவாரியாகச் சொல்ல முடிந்தது. அந்த பிளாக்வெல் கடைசிப் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். அதே இசைத்துறையில் அவருக்கு முன்பே, 1963இல் மிருதங்கம் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர் டி. ரங்கநாதன். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, பழனியின் சீடர். இந்த அறையில் ஜாஸ் டிரம்ஸ், அந்த அறையில் கானா நாட்டு முரசு, இன்னொன்றில் பழனியின் பாடம். நாங்கள் போண்டாவுக்காக எழுந்து வந்த அதே சொற்கட்டுகளைக் கற்க, கனெக்டிகட் குளிரில் அமெரிக்கப் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திருச்சி சங்கரன் விஷயம் இன்னும் கிட்ட நடந்தது. லால்குடி பக்கம் பூவாளூரில் 1942இல் பிறந்தவர், பழனியின் சீடர், 13 வயதில் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்தவர். 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பழனியின் வாசிப்பு முறை அங்கே பாடத்திட்டமாயிற்று. அவர் பெயருக்கு முன்னால் எங்கள் ஊர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு அலாதிப் பெருமை. 2011இல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தபோது ஊரே தனக்குக் கிடைத்ததாக நினைத்துக்கொண்டது. குருவுக்கு அது கிடைக்கவில்லையே என்று அன்றைக்கு எங்களில் எத்தனை பேர் யோசித்தோம்? ஆலத்தூர் சகோதரர்களில் ஒருவருக்கு 1964, மற்றவருக்கு 1965. மிருதங்கக்காரர் ஒருவருக்கு முதல்முறையாக அந்த விருது 1966இல் மணி ஐயருக்குப் போனது. பிள்ளைவாள் போய் அப்போது நான்கு வருஷம். அகாடமியைக் குறை சொல்லிவிட்டு நாங்கள் நழுவலாம். பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிறவருக்கு எதற்குப் பெரிய விருது என்கிற நினைப்பு சபையில் ஊறிப்போய்க் கிடந்ததால்தான் அகாடமிக்கும் அவசரம் வரவில்லை. அவரைப் பற்றி முழுநீளமாக ஒரு புத்தகம் வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. ‘துருவ நட்சத்திரம்’ எழுதிய லலிதாராம், பிள்ளைவாளை நேரில் கேட்டிராத தலைமுறை. நேரில் கேட்டவர்கள் எழுதவில்லை.

“எங்களுக்குக் கணக்கு புரியாதுங்க” என்பது வழக்கமான சமாதானம். திருச்சி புத்தூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாது. மாசியில் குழுமாயி அம்மனுக்குக் குட்டிகுடித் திருவிழா. மருளாளி வருகிற நேரம் கொட்டு முழங்கினால் இந்த ஊரில் யார் காபிக்குப் போகிறார்கள்? நால்ரோடு வரைக்கும் தலைகள். நடை மாறினால் கூட்டத்தின் கால் தானாக மாறுகிறது. அடி இறுகினால் குழந்தைகள் வாயை மூடிக்கொள்கின்றன. அங்கே யாரும் கணக்கு படித்துவிட்டு வரவில்லை. ஆக, காது இருக்கிறது. சபாவுக்குள் நுழைகிறபோது அதைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறோம். (திருவிழாவில் கொட்டுகிறவர்களின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அது தனிக் கணக்கு.)

இதில் இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது. மிருதங்கத்துக்குத் தோல் பார்த்து, மூட்டு கட்டி, சாதம் வைத்தவர் யார்? மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கலைஞர் இருந்தார் என்பதை டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வந்து சொன்ன பிறகுதான் எங்களில் பலர் கேள்விப்பட்டோம். சேர்ந்தாற்போல் நாலு பேர் படித்திருந்தால் அதிகம்.

இப்போது தனி ஆவர்த்தனமே பத்துப் பன்னிரண்டு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் அந்த நேரம் பார்த்து செயலாளர் பொன்னாடையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்கிறார். சுருக்கியது வித்வான்கள் இல்லை. காலி நாற்காலிகளுக்கு எதிரே எவ்வளவு நேரம்தான் வாசிப்பார்கள்?

உறையூர், தில்லைநகர், புத்தூர், ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகள் என்று இந்த ஊர் வீடுகளின் பரண்களில் இன்னும் ஸ்பூல்கள் கிடக்கின்றன. தாத்தா போன பிறகு பழைய பேப்பர்க்காரரிடம் போட்ட வீடுகள் உண்டு. போடப்போகிற வீடுகளும் உண்டு. பூஞ்சை பிடித்த டேப்பையும் பக்குவமாகத் துடைத்து, கணினியில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டிகளை இறக்குங்கள். நிறுத்தாமல் ஓடவிட்ட டேப் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். பொத்தானை அமுக்க மறந்து தூங்கிப்போன ரசிகர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.