விதைநெல்லைக் குத்தி உண்ணலாமா?

2022 ஆம் ஆண்டின் தொடக்கம். நான் அப்போது ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். பெரும்போக அறுவடை முடிந்து வாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த நெல் மூடைகளை எண்ணிப் பார்த்தோம். முந்திய வருடத்தின் அரைவாசியை விடச் சற்றுத்தான் கூடுதலாக இருந்தது. போதிய பசளை கிடைக்காமல் விளைந்த போகம் அது. கடையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம்.

ஒருநாள் உம்மா, அறையின் மூலையில் தனியாகக் கட்டி வைத்திருந்த இரண்டு மூடைகளைக் காட்டி, "இதையும் மில்லுக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். மூத்தம்மா தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "விதைக்கு வெச்ச நெல்லக் குத்தித் திண்டா, அடுத்த போகத்துக்கு வயலுக்க எதக் கொண்டுபோய் எறியிற?"

உம்மா அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கவில்லை. நாங்கள் மரவள்ளியும் பாணும் தின்று சமாளித்தோம். அந்த இரண்டு மூடைகளும் அடுத்த போகத்துக்கு வயலுக்குப் போயின.

இன்று நான் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் படிக்கிறேன். எமது நாடு விஞ்ஞான ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு மூடைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் ஒரு நாட்டின் விதைநெல் என்பது என் கருத்து. மூத்தம்மா எங்கள் வீட்டில் செய்ததை நாட்டில் யார் செய்வது என்பதுதான் என் கேள்வி.

முதலில் வாப்பாவின் வயலில் இருந்தே தொடங்குகிறேன். "இந்தமுறை என்ன நெல்லு?" என்று யாராவது கேட்டால் வாப்பா "பீஜீ" என்று சொல்வார். சிறுவயதில் அது ஏதோ ஒரு கடையின் பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு எழுத்துகளும் குருநாகல் மாவட்டத்தில் உள்ள பத்தலகொட என்ற இடத்தைக் குறிக்கின்றன. 1952 இல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. எச் 4 தொடக்கம் பீஜீ 352 வரை நாம் உண்ணும் சோற்றில் பெரும்பகுதி அந்த நிலையத்தில் பிறந்த இனங்களில் இருந்தே வருகிறது. பெயரோடு வரும் இலக்கத்துக்கும் பொருள் உண்டு. பீஜீ 300 மூன்று மாத நெல். பீஜீ 352 மூன்றரை மாத நெல். பீஜீ 403 நான்கு மாத நெல். சுதந்திரம் கிடைத்த காலத்தையொட்டி ஹெக்டயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த எமது நெல் விளைச்சல் பின்னர் நான்கு தொன்னையும் தாண்டியது. நீர்ப்பாசனமும் பசளையும் அதற்கு உதவின. ஆனால் அந்த நீரையும் பசளையும் வாங்கி விளைச்சலாக்கக்கூடிய நெல்லினங்களைத் தந்தவர்கள் எமது நாட்டு ஆராய்ச்சியாளர்கள்.

ஒரு புதிய நெல்லினம் ஒரு வருடத்தில் வருவதில்லை. இரண்டு இனங்களைக் கலந்து, பல தலைமுறைகள் வளர்த்து, நோய்க்கும் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் தாக்குப்பிடிக்கிறதா என்று பல மாவட்டங்களில் பரீட்சித்து, விவசாயியின் கைக்கு வர எட்டுப் பத்து வருடங்கள் செல்கின்றன. 1992 இல் வெளியிடப்பட்ட பீஜீ 352 ஐ இன்றும் நாம் விதைக்கிறோம். அதற்கான வேலை தொடங்கியபோது என் வாப்பா பள்ளிக்கூடம் போகும் சிறுவனாக இருந்திருப்பார். நாங்கள் இன்று உண்பது அன்று யாரோ ஒருவர் ஒதுக்கிய பணம்.

அப்படியானால் நாளை எங்கள் பிள்ளைகள் உண்பதற்கு நாம் இன்று எவ்வளவு ஒதுக்குகிறோம்? இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 0.1 சதவீதம். அதாவது நாடு உழைக்கும் ஆயிரம் ரூபாவில் சுமார் ஒரு ரூபா. இந்தியாவில் இது ஆறு ரூபாவுக்கும் அதிகம். தென்கொரியாவில் ஐம்பது ரூபாவுக்குக் கிட்ட. "அவர்கள் பணக்காரர்கள், செலவழிக்கிறார்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் கொரிய விஞ்ஞான தொழினுட்ப நிறுவனம் 1966 இல் தொடங்கப்பட்டபோது அந்த நாடு யுத்தத்தில் சிதைந்து எழுந்துகொண்டிருந்த வறிய நாடு. அன்றைய இலங்கையை விட அது வசதியாக இருக்கவில்லை. கையில் காசு சேர்ந்த பிறகு ஆராய்ச்சி செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. எமது மலைநாட்டில் தேயிலைக்கு முன்னர் கோப்பிதான் இருந்தது. 1869 இல் கோப்பி இலைகளில் துரு நிறப் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவில் இருந்து மாதிரி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அது ஒரு புதிய பங்கசு என்று அறிந்தார்கள். அதைத் தொடர்ந்து ஆராய இங்கே ஒரு நிறுவனம் இருக்கவில்லை. மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880 இல் வந்து சேர்ந்தபோது பதினொரு வருடங்கள் கடந்திருந்தன. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டறிந்தார். ஆனால் காப்பாற்றுவதற்குக் கோப்பித் தோட்டங்கள் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. நாட்டின் பிரதான ஏற்றுமதிப் பயிர் ஒன்று அத்தோடு அழிந்தது.

இனித் தேயிலையைப் பாருங்கள். 1925 இல் சட்டம் ஒன்றின் மூலம் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையில் நிலைகொண்டது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது அறவிடப்பட்ட ஒரு சிறு தீர்வையே அதன் வருமானமாக இருந்தது. பத்து வருடம் செல்வதற்குள், இலைகளைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தோட்டங்களைத் தாக்கியது. இம்முறை ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே மலையில் இருந்தார்கள். அந்தப் புழுவை அழிக்கும் ஒரு சிறு குளவியினத்தை 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாவில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள். குளவி பரவியது, புழுவின் தொல்லை அடங்கியது.

இரண்டும் ஒரே மலைநாட்டில் நடந்தவை. கோப்பிக்கு ஆபத்து வந்த பிறகு ஆளைத் தேடினார்கள். தேயிலைக்கு ஆபத்து வருமுன்பே ஆள் இருந்தார்கள். வருடாவருடம் யாரிடமும் கைநீட்டாமல் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வழியும் இருந்தது. எமது ஆராய்ச்சிக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆராய்ச்சிச் செலவை மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதமாக உயர்த்துவோம் என்ற இலக்கைக் கொள்கை ஆவணங்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. அரசாங்கங்கள் மாறின, ஆவணங்களின் அட்டைகளும் மாறின, ஒரு ரூபா ஒரு ரூபாவாகவே இருக்கிறது. ஆகவே பெரிய இலக்கொன்றை இன்னுமொருமுறை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தோன்றும் வழிகள் சிறியவை.

முதலாவது, இருக்கும் தொகையைக் குறைக்க முடியாதபடி சட்டத்தால் பாதுகாக்க வேண்டும். பின்னர் வருடத்துக்குக் கொஞ்சமாக அதை உயர்த்தலாம். நெருக்கடி வந்தவுடன் முதலில் வெட்டப்படும் செலவாக ஆராய்ச்சி இருக்கக் கூடாது. இரண்டாவது, பத்து வருடம் செல்லும் வேலைக்கு ஒரு வருடப் பணம் கொடுத்துப் பயனில்லை. ஐந்து வருடமாவது உறுதியாகக் கிடைக்கும் நிதி வேண்டும். இடையில் முன்னேற்றத்தைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவது, தேயிலைக்குச் செய்ததை மற்றத் துறைகளுக்கும் செய்யலாம். ஆடை, மீன், கறுவா என்று ஏற்றுமதியில் உழைக்கும் ஒவ்வொரு துறையும் தனது ஆராய்ச்சிக்கென ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அது வேறு செலவுகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது விடயம் சற்றுக் கசப்பானது. "கொடுத்த பணத்துக்கு என்ன கண்டோம்? அறிக்கைகள் அலுமாரியில் கிடக்கின்றன" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எமது நாட்டு விஞ்ஞானிகள் யூரியாவை மிக நுண்ணிய துணிக்கைகளோடு பிணைத்து, நைதரசன் மெதுவாக வெளியேறும் ஒரு பசளையை உருவாக்கினார்கள். வழமையான யூரியாவின் அரைவாசி அளவோடு நெல் விளைச்சலைப் பேண முடிந்தது என்று 2017 இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. நான்கு வருடங்களின் பின் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, நாடு பசளைக்குத் தவித்தபோது, திரவ நனோ நைதரசன் இந்தியாவில் இருந்து விமானத்தில் வந்தது. எமது கண்டுபிடிப்பு எங்கள் ஊர் வயலுக்கு வந்திருக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலும், தொழிற்சாலைக்கும் வயலுக்கும் இடையிலும் பாலம் போட ஆளும் பணமும் வேண்டும். விதைநெல்லைப் பாதுகாத்தால் மட்டும் போதாது. அதை வயலுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டும். ஆராய்ச்சியின் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் விவசாயிக்கு விளங்கும்படி வெளிவர வேண்டும். வாப்பாவால் வாசிக்க முடியாத அறிக்கை வாப்பாவுக்கு இல்லாத அறிக்கைதான்.

"கடனில் மூழ்கிய நாட்டில் ஆஸ்பத்திரிக்கே மருந்தில்லை, இதில் ஆராய்ச்சியா?" என்றும் கேட்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு ஆய்வுகூடம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் எல்லா நெல்லையும் விதைக்கென்று பூட்டி வைக்கவில்லை. பெரும்பகுதியைத் தின்றோம். இரண்டு மூடைகளைத்தான் தொடவில்லை.

இந்தச் சிந்தனை எங்களுக்குப் புதியதும் அல்ல. வக்பு என்றால் என்ன என்று இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். வக்பு செய்த சொத்தை விற்கவோ பங்கிடவோ முடியாது. அதில் இருந்து வரும் வருமானத்தை மட்டும் குறித்த காரியத்துக்குச் செலவிடலாம். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை நோயாளருக்குச் சிகிச்சை அளித்தது, மருத்துவமும் கற்பித்தது. சுல்தான் போன பிறகும் அது நூற்றாண்டுகள் கடந்து இயங்கியதற்குக் காரணம், அதற்கென ஒதுக்கப்பட்ட வக்பு சொத்துகள். ஆட்சியாளரின் மனநிலையை நம்பியிராமல் அறிவுக்குப் பணம் கிடைக்கச் செய்யும் வழியை எங்கள் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இறுதியாகப் பெற்றாருக்கு ஒரு வார்த்தை. உயிரியல் பிரிவில் படிக்கும் எங்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றே: "டொக்டராகத்தானே?" டொக்டர்கள் தேவை, என் தோழிகள் பலர் நல்ல டொக்டர்களாக வருவார்கள், இன்ஷா அல்லாஹ். ஆனால் என் விருப்பம் வேறு. எங்கள் வயலின் கிழக்குப் பக்கம் களப்பை ஒட்டியது. கோடையில் உப்புத் தண்ணீர் ஏறி அந்தப் பகுதியில் பயிர் மஞ்சளாகிவிடும். அம்பலாந்தோட்டையில் உருவான ஏரி 354 என்ற நெல்லினம் உவரைத் தாங்கக்கூடியது என்று ஆசிரியை சொன்ன நாளில் இருந்து, அதைவிடவும் தாங்கும் நெல் ஒன்றை உருவாக்க முடியுமா என்று யோசிக்கிறேன். விவசாய பீடத்துக்குப் போக வேண்டும் என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா மறுக்கவில்லை. "படிச்சு முடிச்சா உனக்கு வேல தர ஒரு இடம் இரிக்குமா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதில் என் பரீட்சைப் பெறுபேற்றில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நாடு எடுக்கும் முடிவிலும் தங்கியிருக்கிறது. படித்த பலர் விமானம் ஏறுவது நாட்டை வெறுத்து அல்ல. அவர்களின் அறிவை விதைக்க இங்கே வயல் இல்லாததால்தான்.

நாடு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. எமது கல்லூரியின் பழைய மாணவிகளும் பெற்றாரும் சேர்ந்து சிறிய நிதியொன்றை ஆரம்பிக்கலாம். முதலைத் தொடாமல், ஆகுமான முறையில் அதில் வரும் வருமானத்தைக் கொண்டு ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவியின் ஆய்வுக்கு உதவலாம். எங்கள் ஊர்க் கிணறுகளின் உப்பை அளப்பது, நுளம்பு பெருகும் இடங்களைக் கணக்கெடுப்பது போன்ற சிறு வேலைகளே தொடக்கத்துக்குப் போதும். இரண்டு மூடை அளவு இருந்தாலும் போதும், அதைக் குத்தித் தின்னாமல் இருந்தால்.

— உயர்தர மாணவி, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு