வேங்கைவயல்: யாரிடம் ரகசியம்?

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம், வேங்கைவயல். பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணியைப் பாருங்க என்றார்கள் டாக்டர்கள். சேரி சனம் குடிநீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்த்தது. உள்ளே மலம்.

மறுநாள் கலெக்டர் வந்தார். டீக்கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் நம்மை விடாத கொடுமை, எல்லாம் அன்றைக்கே அம்பலமானது. தொட்டியில் கலந்தது யார் என்பது மட்டும் வெளிவரவில்லை. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. சேரிக்காரர்களிடமும் டிஎன்ஏ சோதனைக்குக் கேட்டார்கள். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: விசாரணை நடக்குது.

2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் மூன்று பேர். மூவரும் அதே சேரிக்காரர்கள்! தண்ணியைக் குடித்தவனே குற்றவாளி. கூடவே வழக்கு சம்பந்தப்பட்ட செல்போன் ஆடியோ டிவியில் ஓடியது. இரண்டு வருஷம் நம்மிடம் மறைத்தது டிவிக்கு எப்படிப் போனது?

யார் செய்திருந்தாலும் தண்டனை வேண்டும். அதில் நமக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் கோர்ட்டு ஆதாரத்தைச் சோதிக்கும் முன்பே ஒரு சேரி முழுக்கப் பழி சுமக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம், விசாரணைக்கு இடைஞ்சல் வந்தால் மறைக்கலாம் என்கிறது. விசாரணைதான் முடிஞ்சு போச்சே! இன்னும் யாரைக் காப்பாத்த இந்த மூடி?

ஓட்டு கேட்க மட்டும் சேரிக்குள் வருகிறீர்கள். உண்மையையும் இங்கேயே வந்து, எங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.