பாட்டி எங்கே நடப்பாள்?

பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். பிளாட்பாரத்தில் டிரான்ஸ்பார்மர்! அதைத் தாண்டினால் மோட்டார் சைக்கிள்கள்! ரோட்டில் இறங்குகிறாள். பின்னால் லாரி வருகிறது.

குற்றம் பாட்டியுடையது அல்ல. ரோடு போட்டவர்களுடையது.

பிளாட்பாரம் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், அதாவது சுமார் 6 அடி, தடையில்லாமல் இருக்கவேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வகுத்த முறை இது. அரை அடிதான்! சில தெருக்களில் முழங்கால் உயரத்துக்கு அல்லவா கட்டி வைத்திருக்கிறார்கள்? கிழவர்கள் எப்படி ஏறுவார்கள்?

சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் பிளாட்பாரம் அகலமாயிற்று.

கார் நிற்க இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். விரைந்து போகும் காரிலிருந்து யார் ஜவுளி வாங்குகிறார்கள்? ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்த்து நிற்பவர் நடந்து வருகிறவர்தான். காரை நிறுத்திவிட்டுக் கார்க்காரரும் நடக்கத்தானே வேண்டும்!

கடைத்தெருவோடு இது நிற்கலாகாது. பள்ளிக்கூடத் தெருவுக்கும் ஆஸ்பத்திரித் தெருவுக்கும் அந்த அகலம் முதலில் வரட்டும். பாட்டியும் பேரனும் தினம் நடப்பது அங்கேதான்.