சரீரத்தின் கலிங்கு

நம்முடன் பணி புரியும் ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் சற்றுக் கோபத்துடன் நம்மிடம் வந்தார். இரத்த அழுத்தத்துக்காக மூன்று மாதம் மாத்திரை உண்டு, தலைவலியோ கிறுகிறுப்போ இல்லையென்று தாமாகவே நிறுத்திவிட்டவர் அவர். மீண்டும் போனபோது அழுத்தம் ஏறியிருக்கக் கண்ட வைத்தியர், சிறுநீரைச் சோதித்து வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "நோய் இரத்தத்தில், சோதனை சிறுநீரிலா? இதென்ன நியாயம், ஸார்?" என்பது நண்பரின் வழக்கு. அவருக்கு நாம் சொல்லிய பதிலை நேயர்களுக்கும் சொல்லுவது நலமென்று தோன்றுகிறது. இதே வழக்கைத் தொடுப்போர் நம் வீடுகளில் அநேகர்.

ஏரியின் கலிங்கைப் பலரும் பார்த்திருப்போம். மழை பெய்து ஏரி பெருகினால் மிகுந்த நீர் கலிங்கின் வழியே வழிந்தோடும். மட்டம் உயர உயர, வழிவதும் மிகும். தாழ்ந்தால் தானே நிற்கும். ஏரி கடைசியில் எந்த மட்டத்தில் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது மேகம் மட்டுமன்று, கலிங்கின் உயரமும்தான். நம் சரீரத்தில் இந்தக் கலிங்கின் வேலையைச் செய்வன சிறுநீரகங்கள்.

இருதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், கையளவேயான இவ்விரண்டு உறுப்புகளின் வழியாகச் செல்லுகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டியையும் தொடர்ந்து ஒரு நுண்குழாய். நாளொன்றுக்கு வடிந்திறங்கும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்துள்ள உப்போ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! இவ்வளவும் வெளியேறினால் ஒரு மணி நேரமும் உயிர் தரியாது. ஆகையால் நுண்குழாய்கள் 100-க்கு 99 பங்கைத் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அளித்து விடுகின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டரே சிறுநீர். 99 பங்குக்குப் பதிலாக 98 பங்கை உறிஞ்சினாலே, வெளியேறும் உப்பு இரட்டிப்பாகிவிடும் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அழுத்தம் ஏறினால் வடிந்திறங்கும் அளவும் ஏறும் என்றுதானே நினைப்போம்? அப்படியன்று. தமனியின் அழுத்தம் 80 முதல் 180 மில்லிமீட்டர் பாதரசம் வரையில் மாறினாலும், வடிகட்டிக்கு முன்னுள்ள சிறு குழாய் சுருங்கியும் விரிந்தும் அந்த அளவைப் பெரும்பாலும் ஒரே நிலையில் காத்துக் கொள்ளுகிறது. ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதி உயர்வை உணர்கிறது. அங்கே நுண்குழாய்கள் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வேலையைத் தளர்த்துகின்றன. உப்பு வெளியேற, அதைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. இரத்தத்தின் அளவு குறைய, அழுத்தமும் தணிகிறது.

அழுத்தம் தாழ்ந்தாலோ வேலை தலைகீழாகும். பேதியால் நீரிழந்தவனை எண்ணிப் பாருங்கள். சிறுநீரகம் உடனே 'ரெனின்' என்னும் பொருளை இரத்தத்தில் விடுகிறது. அதன் விளைவாகத் தோன்றும் 'ஆஞ்சியோடென்சின்' இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள சுரப்பியையும் தூண்டி, உப்பைப் பிடித்து வைக்கச் செய்கிறது. ரெனினை 1898-இல் ஸ்டாக்ஹோம் நகரில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டனர்.

அங்ஙனமாயின் சிலருக்கு மட்டும் அழுத்தம் ஏறியே நிற்பது ஏன்? கலிங்கின்மேல் கல்லடுக்கியதுபோல் ஆகிவிட்டது என்பதே விடை. 1934-இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்பவர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கினார். அழுத்தம் ஏறி நின்றது. பிறகு ஆர்தர் கைட்டன் வந்தார். 1946-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு ரண வைத்தியத்தைக் கைவிட நேர்ந்த அவர், ஆராய்ச்சியில் இறங்கி, 1972-இல் தம் தோழர்களுடன் இந்தக் கணக்கை விரிவாக வெளியிட்டார். உண்ணும் உப்பும் கழியும் உப்பும் எந்த அழுத்தத்தில் சமமாகின்றனவோ, அந்த அழுத்தத்திலேயே உடல் நெடுநாள் நிற்கும் என்பது அவர் முடிவு. நரம்புகளின் பங்கை அவர் குறைத்து மதித்தார் என்போரும் உளர். சிறுநீரகத்தின் பங்கை மறுப்போர் அரியர்.

ஏரிக்கு மழை எப்படியோ, உடலுக்குச் சமையலறை அப்படி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தக்கதென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அது ஒரு சிறு கரண்டி அளவே. நம் இலையிலோ குழம்பில் ஒரு பங்கு, ஊறுகாயில் ஒரு பங்கு, அப்பளத்தில் ஒரு பங்கு, மோர்ச் சாதத்துக்கு மேலும் ஒரு சிட்டிகை! நல்ல கலிங்கு இவ்வளவையும் வழியவிடும். கல்லடுக்கிய கலிங்கோ ஏரி ஏறினாலன்றி வழியவிடாது. ஏறிய நீர் கரையை அரிப்பதுடன் கலிங்கையும் அரிக்கிறது. உயர்ந்த அழுத்தம் வடிகட்டிகளைச் சிதைக்கிறது. சிதைந்தவை உப்பைக் கழிக்கமாட்டாமல் அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கின்றன.

வடிகட்டி சிதையத் தொடங்கியதற்கு ஓர் ஆரம்ப அடையாளம், இரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிவதாகும். கரையில் ஈரம் கண்டால் ஊர் விழித்துக் கொள்ளுவதில்லையா? வைத்தியர் சிறுநீரில் தேடுவது அந்த ஈரத்தைத்தான். மாத்திரைகளோ கலிங்கின்மேல் உள்ள கல்லை இறக்குவன. 1958 முதல் வழங்கிவரும் குளோரோதையசைடு இனத்து மருந்துகள் நுண்குழாய் உப்பை உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. வேறு சில ஆஞ்சியோடென்சினைத் தடுக்கின்றன. மருந்தை நிறுத்தினால் கல் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். தலைவலி இல்லை என்பது கல் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. ஆகையால் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் பொறுப்பாகவே இருக்கட்டும்.

நண்பர் பதில் கூறாமல் எழுந்து போனார். மறுநாள் மத்தியானம் அவருடைய சம்புடத்தில் ஊறுகாய் இல்லை. சட்டைப் பையில் சோதனைச் சீட்டு மடித்து வைத்திருந்தது. சோதனையில் என்ன கண்டதென்று நாம் இன்னும் கேட்கவில்லை.