பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

கெடா மாநிலத்து ஜித்ராவிலும் அலோர் ஸ்டாரிலும் கல்யாணப் படம் எடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட இளைஞர்கள், மெமரி கார்டு வாங்கப் போகுமிடத்தில், அதன் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தையே பிரமாணமாக நம்பி ரிங்கிட்டை எண்ணிக் கொடுப்பது எனக்கு விவேகமாகத் தோன்றவில்லை. அந்த இலக்கம் பெரும்பாலும் பதிந்த படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் உச்ச வேகத்தைக் குறிக்குமேயன்றி, காமிரா படத்தைக் கார்டில் எழுதும் வேகத்தைக் குறிப்பதன்று. காவடியாட்டத்தின் உக்கிரத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்து நிற்பவருக்கு வேண்டியதோ எழுதும் வேகந்தான்.

அதை அறியச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். மாட்சுஷிடா, சான்டிஸ்க், தோஷிபா என்னும் மூன்று கம்பெனிகள் 2000ஆம் ஆண்டில் ஸ்தாபித்த, எஸ்.டி. மெமரி கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்.டி. சங்கம், வீடியோவைத் தொடர்ந்து எழுதும்போது வினாடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் குறையாத கார்டுகளுக்கு முறையே வி30, வி60, வி90 என்று முத்திரை வகுத்திருக்கிறது. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே வீடியோ எடுத்தாலும் அது 12.5 மெகாபைட்டே ஆகையால், சாதாரணக் கல்யாண வீடியோவுக்கு வி30 தாராளமாகப் போதும்.

ஏறக்குறைய 25 மெகாபைட் கொண்ட, பதப்படுத்தாத ராவ் படங்களை வினாடிக்குப் பத்து வீதம் எடுப்பவர் நிலை வேறு; காமிராவின் தற்காலிக நினைவு நிரம்பி அது திணறும்போது யூ.எச்.எஸ்.-2 என்னும் அதிவேக இணைப்புள்ள கார்டு நிச்சயமாகச் சகாயம் செய்யும். ஆனால் வினாடிக்கு 104 மெகாபைட்டை எல்லையாகக் கொண்ட யூ.எச்.எஸ்.-1 வாய் மட்டுமே உள்ள காமிராவில் அதைச் செருகுவது, தோட்டத்து மண்சாலையில் பந்தயக் காரை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

வேகத்தினும் முக்கியமானது நம்பிக்கை. பிரசித்தமான பெயரைத் தாங்கிய போலிக் கார்டுகள், இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் காட்டி, உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதப்படும் படங்களை விழுங்கிவிடுகின்றன. தாலி கட்டும் தருணத்தை மறுபடி நடத்திக் காட்டச் சொல்ல முடியுமா? கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, ஜனங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இக்காலத்தில், எஞ்சி நிற்கும் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் படமெடுப்பவர் ஒரு சமூகத்தின் சரித்திரத்தையே அந்தச் சிறு கார்டிடம் ஒப்படைக்கிறார்.

ஆகையால் முதலில் காமிராவின் கையேட்டைப் பார்த்து அது எந்த வேகத்தை ஏற்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மிஞ்சிய வேகத்துக்குப் பணம் கொடாதீர்கள். நாணயமான கடையில் வாங்கி, முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துச் சோதித்த பின்னரே வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள். மிச்சமாகும் ரிங்கிட்டில் இரண்டாவது கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.