மனநல வார்டிலும் நம் பிள்ளைகள் வேண்டும்

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஒரு பெண் தாதியர் படிப்புக்கு மனு செய்யப் போவதாகச் சொன்னால், வீட்டில் பெரும்பாலும் மறுப்பு எழாது. மரியாதையான வேலை, நிரந்தரமான வேலை என்பார்கள். அதே பெண் மனநலத் தாதியாக விரும்புவதாகச் சொல்லிப் பார்க்கட்டும். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா?" என்பது முதல் கேள்வியாக வரும். இரண்டாவது கேள்வி கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும்.

இந்தப் பயத்துக்கு நம் நாட்டில் ஓர் ஊர்ப் பெயரே உண்டு. பேராக், தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. நாளடைவில் அந்த ஊரின் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூட வகுப்பறையில்கூட அதைக் கேட்கலாம். மலாக்காவுக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது ஜொகூர், தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை. ஆனால், மனநலச் சிகிச்சை இன்று இந்த இரண்டு மதில் சுவர்களுக்குள் அடங்கியதல்ல. மலாக்கா மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்க கிளினிக்குகளிலும் மனநலப் பரிசோதனை செய்கிறார்கள்.

தேவையும் சிறியதல்ல. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பது தெரிந்தது. 2019-இல் இது 2.3 விழுக்காடுதான். அதே 2023-இல், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வகைசெய்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு நீக்கப்பட்டது. அதுவரை ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்று இருந்தது. நீதிமன்றம் போக வேண்டியிருந்தவர் இனி மருத்துவமனைக்கு வருவார். அங்கே அவர் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாமா?

அந்த ஆள் ஏன் நம் பிள்ளையாகவும் இருக்க வேண்டும்? ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஆசகானிலோ காடேக்கிலோ தோட்டத்தில் வளர்ந்து, இப்போது மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவருக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, ஒரே நாளில் குடியை நிறுத்துகிறார். நல்ல காரியம்தான். ஆனால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். இல்லாத ஆளோடு பேசுகிறார். வீட்டில் ஒருவர் அருள் வந்துவிட்டது என்பார், இன்னொருவர் செய்வினை என்பார்.

உண்மையில் இது உடம்பு மதுவுக்குப் பழகிப்போனதன் விளைவு. இதை டெலிரியம் டிரெமன்ஸ் என்பார்கள். நம் பாட்டிமார் பாஷையில் ஒரு வகைச் சன்னி. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். உடனே மருத்துவமனையில் சேர்த்து, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற வைட்டமின் பி1-உம் கொடுத்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுவார்கள். குடியை விடவே கூடாது என்பதல்ல. நீண்டகாலமாகத் தினமும் குடித்தவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். அவசரப் பிரிவில் நிற்கும் மனைவியிடம், "அக்கா, அண்ணன் கோயிலுக்கு விரதம் இருக்காரா? கடைசியா எப்பக் குடிச்சாரு?" என்று ஒரு தாதி கேட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த இனத்துத் தாதியும் குடியைப் பற்றிக் கேட்பார். அது பாடத்தில் உள்ளதே. விரதத்தையும் குடியையும் சேர்த்துக் கேட்க, அந்த வீட்டை அறிந்திருக்க வேண்டும்.

மொழியும் அப்படித்தான். நம்மவர்கள் மனச்சோர்வு என்ற சொல்லோடு மருத்துவரிடம் போவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "தூக்கமே இல்ல" என்பார்கள். அம்மா சொல்வதை மகன் மலாயில் மொழிபெயர்ப்பான். வாழப் பிடிக்கவில்லை என்பதை அந்தத் தாய் மகன் வாயால் சொல்ல விடுவாரா?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நம் ஆள் தாதியாக இருந்தால் சங்கதி ஊருக்கே தெரிந்துவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். ஜாசினில் நடந்தது மாலைக்குள் மெர்லிமாவில் தெரியும் என்பது பொய்யல்ல. அதனால்தான் நோயாளியின் இரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் கடமை. வாயைக் கட்ட முடியாதவர்கள் வேறு படிப்பைப் பார்க்கலாம்.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். அவரைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததோடு, எந்த லயத்தில் யார் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் விட்டு பத்து பெரெண்டாமுக்கும் ஆயர் குரோவுக்கும் தொழிற்சாலை வேலை தேடி வந்தவர்களுக்கு ஷிப்டு கிடைத்தது. அந்தக் கண்காணிப்பு கிடைக்கவில்லை. இன்று சமூக மனநலத் தாதி வீடு தேடிப் போய்ச் செய்வது ஏறக்குறைய அதே வேலைதான். மாதாந்தர ஊசி போடுவது, குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தியவரை மீண்டும் சாப்பிட வைப்பது, மருந்தால் உடம்பு பெருத்ததைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வது. க்ளோசபின் என்ற மருந்து தொடங்கினால் முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அதைத் தவறவிடாமல் பார்க்கவும் ஒருவர் தேவை.

இனி படிப்பு. மலேசியாவில் வழக்கமான பாதை, முதலில் பொதுத் தாதியர் டிப்ளோமா அல்லது பட்டம்; தாதியர் வாரியத்தில் பதிவு; பணியில் அனுபவம் பெற்ற பின் மனநலத் தாதிமையில் போஸ்ட் பேசிக் மேற்படிப்பு. மலாயா பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம். ஆகியவற்றில் தாதியர் பட்டப்படிப்பு உண்டு. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரி மலாக்காவிலேயே இருக்கிறது. பிரிட்டனிலோ தொடக்கத்திலேயே மனநலத் தாதிமையைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் படிக்கலாம். 1960, 70-களில் நம் நாட்டு இளைஞர்கள், தமிழர்கள் உட்பட, அங்கே போய் மனநல மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றார்கள். அங்கே கௌரவமாக இருந்த அதே வேலை இங்கே எப்படிக் கேவலமாயிற்று என்று அந்தத் தலைமுறையைக் கேட்டால் நன்றாக இருக்கும். வெளிநாட்டுப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே, அது இங்கே பதிவுக்குச் செல்லுமா என்று தாதியர் வாரியத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நம் மனக்குறை ஒன்று. பதினேழு வயதில் மனநலத்தில் ஆர்வம் கொண்ட பிள்ளை, அந்தத் துறையைத் தொட இத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டுமா? பொது அடிப்படை தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மனநலத் தாதிக்கும் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் தெரிய வேண்டும். ஆனாலும் இறுதி ஆண்டிலாவது மனநலத்தைச் சிறப்புப் பிரிவாக எடுக்கும் வாய்ப்பை நம் பல்கலைக்கழகங்கள் யோசிக்க வேண்டும். மருத்துவமனைகளும் தமிழ் தெரிந்த தாதியர் யார் என்று கணக்கெடுத்து, மனநலப் பிரிவுக்கு விரும்பி வருவோரை அனுப்ப வேண்டும்.

நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் இப்போதே கவனிக்க வேண்டியது மலாய், கணிதம், அறிவியல். இவற்றில் கிரெடிட் இல்லாமல் தாதியர் கல்லூரிக் கதவு திறப்பது கடினம். ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள், மருந்துப் பெயரும் பாடநூலும் அதில்தான். ஆண்பிள்ளைகள் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உதவி மருத்துவ அதிகாரி படிப்பு உங்களுக்கும் உண்டு. அவர்களும் மனநலப் பிரிவுகளில் பணியாற்றுகிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களில் யாருக்காவது இப்போதே மனம் தாங்க முடியாமல் இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. அதில் 24 மணி நேரமும் பேசலாம்.