பல்லக்கைத் தூக்குவது யார்?



சென்ற இதழை அச்சுக்கு அனுப்பிவிட்டு, முதல் பாரம் வந்து சேரக் காத்திருந்த இரவில் எங்கள் அலுவலகத்தில் ஒரு விளையாட்டு நடந்தது. எட்டுப் பேர், எட்டு டம்ளர் டீ, ஒரு வெள்ளைத் தாள். அமெரிக்க என்பிஏ கூடைப்பந்தில் இதுவரை ஆடிய யாரை வேண்டுமானாலும் எடுத்து, ஆளுக்கொரு கனவு அணி அமைக்க வேண்டும். களத்தில் ஐவர், மாற்று ஆட்டக்காரர் ஒருவர். ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்கக் கூடாது. முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவருக்கு அடுத்த சுற்றில் முதல் வாய்ப்பு. வரிசை இப்படிப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது எட்டு. ஆசிரியர் என்பதற்காக யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் முறை வருவதற்குள் ஜோர்டன், லெப்ரான், மேஜிக் ஜான்சன், கரீம் அப்துல் ஜப்பார் எல்லாரும் போய்விட்டார்கள். ஒன்றாம் சீட்டு எடுத்த எங்கள் லேஅவுட் கலைஞர் ஜோர்டனில் தொடங்கி கோபி பிரையன்ட், கெவின் டுராண்ட், ஆலன் ஐவர்சன், கார்மெலோ ஆன்டனி என்று அடுக்கினார். வாசிக்கும்போதே புள்ளிகள் கொட்டுகிற பட்டியல். ஆனால் பந்து ஒன்றுதானே? எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்ற பழமொழிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

2003-04 பருவத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஷகீல் ஓ'நீல், கோபி இருக்கும் அணியில் கார்ல் மலோனும் கேரி பேட்டனும் வந்து சேர்ந்தார்கள். கோப்பை நிச்சயம் என்றார்கள். இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 4-1 என்று மடக்கியது. அந்த டெட்ராய்டின் நடுத்தூண் பென் வாலஸ். புதுமுகங்களை எடுக்கும் தேர்வு நாளில் எந்த அணியும் அவரைச் சீந்தவில்லை. அவர் வேலை ரீபவுண்ட் எடுப்பது, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது; எதிரியின் எறிதலை மறிப்பது. புள்ளிகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் வில்ட் சேம்பர்லின். 1961-62இல் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள். ஒரே ஆட்டத்தில் 100 அடித்ததும் அந்தப் பருவத்தில்தான். கோப்பையோ, சராசரி 18.9 மட்டுமே வைத்திருந்த பில் ரஸ்ஸலின் பாஸ்டனுக்குப் போனது. 1966-67இல் வில்ட் எறிவதைக் குறைத்து, பாஸ் கொடுப்பதைக் கூட்டினார். சராசரி 24.1 ஆக இறங்கியது. முதல் கோப்பை கைக்கு வந்தது.

ஆகவே பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வார் என்ற ஒரே கேள்வியை வைத்து என் ஆட்களைப் பொறுக்கினேன். எட்டாவது தேர்வு ஹக்கீம் ஒலாஜுவான். லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிவிட்டு, பதினைந்து வயதுக்கு மேல் கூடைப்பந்துக்கு வந்தவர். எதிரியின் எறிதலை மறித்த 3,830 பிளாக்குகள் என்ற அவர் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. ஒன்பதாவது கெவின் கார்னெட். 2007-08இல் பாஸ்டனுக்கு வந்தபோது தன் சராசரி 22.4இலிருந்து 18.8க்கு இறங்கியதைப் பொருட்படுத்தாமல் கோப்பை வென்றவர். அடுத்து ஸ்காட்டி பிப்பன், 15,806 அசிஸ்ட்டுகள் (கூடையில் முடிந்த பாஸ்கள்) கொடுத்த ஜான் ஸ்டாக்டன். ஐந்தாவது கிளே தாம்ஸன். 2016 டிசம்பரில் 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்த அன்று, அவர் கையில் பந்து இருந்தது மொத்தம் ஒன்றரை நிமிடம்தான். பந்தைத் தரையில் தட்டியது 11 முறை!

உத்தி எளிது. பந்தை உள்ளே ஹக்கீமிடம் கொடு. அவரை மறிக்க இரண்டு பேர் வந்தால், வெளியே ஆளில்லாமல் நிற்கும் கிளேவுக்குப் பந்து போகும். 1994, 1995 இரண்டு ஆண்டும் ஹூஸ்டன் கோப்பை வென்றது, ஹக்கீமைச் சுற்றி எறிபவர்களை நிறுத்திய இதே வழியில்தான்.

நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் மெய்ப்புத் திருத்துபவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கல்லூரிக் காலத்தில் ஆடியவர். அச்சில் ஒரு ஒற்றுப்பிழையைக்கூட விடமாட்டார்.

"சார், ஸ்டாக்டன் ஆறடி ஒரு அங்குலம். குறுக்கே ஆளை நிறுத்தி ஸ்கிரீன் போட்டு, தங்கள் உயரமான ஆளை அவர் தலையில கட்டிடுவாங்க. பிப்பன் தூரத்துல இருந்து எறிவார்னு யாரும் பயப்பட மாட்டாங்க. அவரைக் காக்க வேண்டியவன் ஹக்கீம் மேல போய் விழுவான். அதைவிடுங்க. உங்க டீம்ல எல்லாரும் தோள் கொடுக்கிறவங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துல பல்லக்குல ஏற ஆள் யாரு?"

என் பழமொழி என்னையே திருப்பி அடித்தது. அதற்காகத்தானோ என்னவோ, ஆறாவது பெயராக மனு ஜினோபிலியை எடுத்திருந்தேன். 1999 புதுமுகத் தேர்வில் 57ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். பெரும்பாலான ஆட்டங்களில் மாற்று ஆளாகவே இறங்கி, சான் அன்டோனியோவுடன் நான்கு கோப்பைகள் கண்டவர். கடைசி நிமிடங்களில் ஸ்டாக்டனை உட்காரவைத்துவிட்டு ஜினோபிலியை இறக்குவேன். பந்தைப் பிப்பன் கொண்டுவருவார். குள்ளமான ஆள் இல்லாததால் ஸ்கிரீன் தந்திரமும் பலிக்காது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை அர்ஜென்டினா 89-81 என்று வீழ்த்தியபோது இவர் எடுத்தது 29 புள்ளிகள். தோற்ற அணியில் ஐவர்சனும் இருந்தார், கார்மெலோவும் இருந்தார். லேஅவுட் கலைஞர் பக்கம் திரும்பாமலே இதைச் சொல்லி முடித்தேன்.

பிப்பன் விஷயத்தில் மட்டும் மெய்ப்புத் திருத்துபவர் சொன்னதே சரி. 2001-02க்கு முந்தைய விதிப்படி, தன் ஆளை விட்டுவிட்டு நடுவில் போய்க் காவல் நிற்க முடியாது. அங்கே என் அணி தப்பித்துவிடும். இன்றைய விதியில் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். எந்தக் காலத்து விதி என்று பேசிக்கொண்டபின் சீட்டுக் குலுக்கியிருக்க வேண்டும்.

நீங்களும் ஓர் ஆறு பேரை எழுதி அனுப்புங்கள். கூடைப்பந்து பழக்கமில்லை என்றால் கிரிக்கெட்டோ கபடியோ உங்கள் இஷ்டம். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஆட்டம் தன் பக்கம் இல்லாதபோது அவர் என்ன செய்வார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். வருகிற பட்டியல்களை முதலில் படிக்கப்போவது நான் அல்ல, எங்கள் மெய்ப்புத் திருத்துபவர். கவனமாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்